தலையில் குறையும் முடி, உடம்பில் கூடும் முடி: ஆண்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

இருபதுகளின் நடுவில் பலருக்கு நெற்றி ஏறத் தொடங்குகிறது. அதே வருடங்களில்தான் மார்பு, தோள், முதுகு, காது மடல் என்று வேண்டாத இடங்களில் முடி கூடுகிறது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஹார்மோன். உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. சுருக்கமாக டி.எச்.டி. என்பார்கள். தாடி, மார்பு, முதுகின் முடிவேர்களை டி.எச்.டி. தடிக்க வைக்கிறது. மரபிலேயே அதற்கு இசைவாகப் பிறந்தவர்களின் நெற்றி ஓரத்திலும் உச்சந்தலையிலும் இருக்கும் வேர்களை அது சுருக்குகிறது. பிடரியிலும் காதோரத்திலும் இருக்கும் வேர்களை அது பெரிதாகத் தொடுவதில்லை. முழு வழுக்கை விழுந்தவருக்கும் பின்னால் ஒரு வளையம் முடி நிற்பது அதனால்தான்.

அதனால் தலைக்கு ஒரு சிகிச்சை, உடம்புக்கு ஒரு சிகிச்சை என்று தனித்தனியாக முடிவெடுக்கக் கூடாது. தாடைக்குக் கீழே கழுத்தில் வளரும் தாடியும் மார்பு முடியும், பின்னாளில் முடி நடும் சிகிச்சை தேவைப்பட்டால் எடுத்து நடக்கூடிய கையிருப்பு. பிடரி முடி போதாமல் போகும்போது மருத்துவர்கள் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். 24 வயதில் அதை லேசரில் அழித்துவிட்டு 35 வயதில் தேடினால் கிடைக்காது. முதலில் தலையின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு உடம்புக்குப் போங்கள்.

முடியின் காலக்கணக்கு

தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்தும், பிறகு சுமார் 3 மாதம் சும்மா நின்றுவிட்டு விழும். அதே வேரிலிருந்து புது முடி முளைக்கும். எந்த நேரத்திலும் நூற்றுக்கு 85 முதல் 90 முடி வளரும் கட்டத்திலும் மீதி ஓய்விலும் இருக்கும். அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. இரண்டு நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் குளித்தால், மூன்று நாள் முடியும் ஒன்றாக வந்து குளியலறைச் சல்லடையில் நிற்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உடம்பு முடிக்கு வளரும் காலம் மாதக்கணக்கில்தான், ஓய்வு அதைவிட நீளம். லேசரில் பல சிட்டிங் ஏன் தேவை என்பதற்கும், தலைக்குப் போடும் மருந்து 4 மாதத்துக்கு முன் ஏன் பலன் காட்டாது என்பதற்கும் இந்தக் கணக்குதான் விடை. ‘ஒரே மாதத்தில் முடி முளைக்கும்’ என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிவிடுங்கள்.

உங்களுக்கு வந்திருப்பது எது?

முடி உதிர்வு என்பது பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. எது என்று தெரியாமல் மருந்து வாங்குவதுதான் அதிகப் பணம் வீணாகும் இடம்.

முதலாவது, ஆண்களுக்கே உரிய பரம்பரை வழுக்கை. நெற்றியின் இரு மூலையும் பின்வாங்கும், அல்லது உச்சிச் சுழியைச் சுற்றித் தோல் தெரியும், அல்லது இரண்டும் சேரும். இதில் முடி கொத்தாகக் கொட்டாது. ஒவ்வொரு சுற்றிலும் முளைக்கும் முடி முந்தியதைவிட மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடியாக நின்றுவிடும். நெற்றி ஓரத்தில் ஒரு முடி தடிமனாகவும் பக்கத்து முடி நூல்போலவும் இருந்தால் அதுதான் அடையாளம். 1942-ல் அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமடையும் முன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று காட்டினார். ஹார்மோனின் பங்கு அதில் உறுதியானது. அவர் வகுத்த நிலைகளை 1975-ல் அமெரிக்க மருத்துவர் நார்வுட் திருத்தினார். இன்றும் மருத்துவர் சீட்டில் ‘நார்வுட் 3’ என்று எழுதுவது அந்த ஏழு நிலைக் கணக்கில்தான். ‘தாய்மாமனுக்கு வழுக்கை என்றால் மருமகனுக்கும்’ என்ற பேச்சில் பாதி உண்மை. ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணு தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் வழுக்கையைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் ஏராளம், அவை அப்பா வழியிலும் வரும்.

இரண்டாவது, திடீர் கொட்டல். டெங்கு, டைஃபாய்டு, கொரோனா, பெரிய அறுவை சிகிச்சை, சாப்பாட்டை வெட்டி வேகமாக எடை குறைத்தது, கடும் மன அழுத்தம் என ஏதாவது ஒன்று நடந்து 2 முதல் 3 மாதம் கழித்து முடி கைநிறைய வரும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் ஆளைக் குழப்பும். காய்ச்சல் போன மாதமே மறந்துபோயிருக்கும், பழி புது ஷாம்பூ மேல் விழும். இதில் வேர் சாகவில்லை. காரணம் நீங்கினால் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் கொட்டல் அடங்கிவிடும், பழைய அடர்த்தி வர இன்னும் சில மாதம் ஆகும். தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, சில மருந்துகள் ஆகியவையும் இப்படிக் கொட்ட வைக்கும்.

மூன்றாவது, புழுவெட்டு. நாணயம் அளவுக்கு வழுவழுவென்று ஒரு வட்டம், தலையிலோ தாடியிலோ. புழு எதுவும் வெட்டுவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. சின்ன வெங்காயத்தையோ பூண்டையோ அழுத்தித் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் அதிகம். ஒன்றிரண்டு வட்டம் தானாகவே மூடுவதும் உண்டு. மூடாவிட்டால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்திலேயே ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வட்டங்கள் பெருகினாலும், புருவமும் கண்ணிமையும் போகத் தொடங்கினாலும் தாமதிக்கக் கூடாது.

இவை தவிர, தோல் உரிந்து முடி ஒடிந்து நிற்கும் படை, இழுத்துக் கட்டும் கொண்டையால் நெற்றி ஓரம் தேய்வது, ஜிம்மில் தசைக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி ஆகியவையும் காரணமாகலாம். கடைசியாகச் சொன்னது பரம்பரை வழுக்கையைப் பல வருடம் முன்னுக்கு இழுத்துவிடும். அந்து அரித்த கம்பளிபோல் தலை முழுக்கத் திட்டுத்திட்டாக உதிர்ந்தால் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் ஊசியும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த இடத்தில் எரிச்சல், வலி, சிவப்பு, வேர்த்துளைகளே தெரியாத பளபளப்பு இருந்தால் அது தழும்பு விழும் வகையாக இருக்கலாம். அதில் போன வேர் திரும்ப வராது. அந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஹெல்மெட், தண்ணீர், தொப்பி ஆகியவற்றால் பரம்பரை வழுக்கை வருவதில்லை. உப்புத் தண்ணீர் முடியை வறட்டி ஒடிக்கும், வேரைக் கொல்லாது. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் தோற்றம்தான். கத்தி வெட்டிய மழுங்கல் முனை தடிப்பாகத் தெரிகிறது, வேரின் எண்ணிக்கை மாறுவதில்லை.

மருத்துவரைப் பார்க்கும் முன்

ஒரு நாள் முழுக்கத் தலைக்குக் குளிக்காமல் இருங்கள். விரல்களுக்கு நடுவே 50, 60 முடியைப் பிடித்து, வேரிலிருந்து நுனிவரை ஒரே சீராக இழுங்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். உச்சி, இரு பக்கம், பிடரி என்று நான்கு இடத்தில் செய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 6-க்கு மேல் வந்தால் கொட்டல் நடந்துகொண்டிருக்கிறது. பிடரியிலும் அதே அளவு வந்தால் பரம்பரை வழுக்கையைவிடத் திடீர் கொட்டலுக்கே வாய்ப்பு அதிகம்.

பிறகு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரே ஜன்னல் ஓரம், ஒரே நேரம், காய்ந்த தலை, ஒரே வகிடு: நெற்றி, இரு மூலை, உச்சி, சுழி என ஐந்து படம். 3 மாதத்துக்கு ஒருமுறை இதே ஐந்தும் எடுக்க வேண்டும். தினமும் கண்ணாடியைப் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. படம் இல்லாமல் சிகிச்சை தொடங்கினால், மருந்து வேலை செய்ததா இல்லையா என்பது கடைசிவரை வாக்குவாதமாகவே இருக்கும்.

கடந்த 6 மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிட்ட மருந்துகள், எடை மாற்றம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. முதல் ஆலோசனைக்கு அதுவே போதும். ரத்தத்தில் பொதுவாகப் பார்ப்பது ஹீமோகுளோபின், இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிடின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் டி. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு பி12-யும். நெற்றி மூலை மட்டும் ஏறி, கொட்டல் இல்லாமல் மெலிந்துகொண்டு வருபவருக்கு இவை எல்லாமே தேவைப்படுவதில்லை. முடிக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லுங்கள். அது தைராய்டு அளவையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவையும் பொய்யாகக் காட்டக்கூடும்.

பரம்பரை வழுக்கைக்கு மருந்து

நெடுநாள் ஆதாரம் உள்ளவை இரண்டு. மினாக்ஸிடில் தலையில் பூசுவது, ஃபினாஸ்டெரைடு விழுங்குவது.

மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குப் பூசும் திரவமாக மாற்றினார்கள். 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு 5 சதவீதக் கரைசல், ஒரு வேளைக்கு 1 மி.லி., காலையும் இரவும். 60 மி.லி. பாட்டில் சரியாக ஒரு மாதம் வரும். உங்களுக்கு மூன்று மாதம் வருகிறது என்றால் அளவு போதவில்லை என்று பொருள்.

பூசும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தலை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. மெலிந்த இடத்தில் சீப்பால் விரலகல இடைவெளியில் நான்கைந்து வகிடு எடுங்கள். சொட்டுக்குழலில் 1 மி.லி. கோடுவரை இழுத்து, ஒவ்வொரு வகிட்டிலும் தோலைத் தொட்டபடி சொட்டு விடுங்கள். முடிமேல் விட்டால் முடிதான் நனையும், வேருக்குப் போகாது. விரல் நுனியால் ஒற்றிப் பரப்புங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். கையைச் சோப்பால் கழுவுங்கள். 4 மணி நேரம் தலையை நனைக்காதீர்கள். இரவில் படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே பூசிவிடுங்கள். ஈரத்தோடு படுத்தால் மருந்து தலையணைக்குப் போய், அங்கிருந்து கன்னத்துக்கு வந்து அங்கே முடி முளைக்கும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.

தொடங்கிய 2 முதல் 8 வாரத்துக்குள் முடி கூடுதலாகக் கொட்டலாம். ஓய்வில் நிற்கும் பழைய முடியைப் புது முடி தள்ளுவதால் வரும் உதிர்வு அது. பலர் இங்கேதான் பயந்து பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். 4 மாதத்தில் முதல் அறிகுறி தெரியும், 12 மாதத்தில்தான் தீர்ப்பு. நிறுத்தினால் வந்தது சில மாதங்களில் போய்விடும். அரிப்பும் பொடுகுபோல் உரிதலும் வந்தால் பெரும்பாலும் கரைசலில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால் ஒத்துக்கொள்ளவில்லை, அது இல்லாத நுரை வகைக்கு மாறலாம். படபடப்பு, கால் வீக்கம், தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஃபினாஸ்டெரைடு 1 மி.கி., நாளுக்கு ஒன்று. வழுக்கைக்காக அமெரிக்காவில் 1997-ல் அனுமதிக்கப்பட்டது. ரத்தத்தில் டி.எச்.டி.யை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைக்கும். உச்சியில் நன்றாக வேலை செய்யும், நெற்றி மூலையில் குறைவு. உள்ளதைக் காப்பாற்றுவதுதான் இதன் பெரிய பலன் என்பதால் சீக்கிரம் தொடங்கியவருக்கே லாபம். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கித் தின்னக் கூடாத மருந்து. சிலருக்கு ஆசை குறைவு, விறைப்புக் குறைவு, விந்து அளவு குறைவு வருகிறது. பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிறது, சிலர் நிறுத்திய பிறகும் தொடர்வதாகச் சொல்கிறார்கள். தற்கொலை எண்ணத்தை இதன் பக்க விளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதி செய்தது. மனச்சோர்வு முன்பே இருந்தவர்கள் அதைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது. மனநிலை மாறினால் முதலில் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் பேசுங்கள். குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் முன்கூட்டிப் பேசிவிடுங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். புராஸ்டேட்டுக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை இது பாதியாகக் காட்டும், எனவே 50 வயதுக்கு மேற்பட்டவர் பரிசோதனையின்போது சொல்ல வேண்டும். ரத்த தானம் செய்யும் இடத்திலும் சொல்லுங்கள்.

பொடுகு இருந்தால் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை, நுரைத்து 5 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். எண்ணெய் முடி ஒடிவதைக் குறைக்கும், வழுக்கையை நிறுத்தாது. பொடுகுத் தலையில் இரவெல்லாம் எண்ணெய் ஊற வைத்தால் பொடுகு கூடத்தான் செய்யும்.

முடி நடுதல் கடைசிப் படி. வழுக்கை எந்த அளவில் நிற்கும் என்று ஓரளவு தெரிந்து, மருந்தில் நிலைப்பட்ட பிறகே அதற்குப் போக வேண்டும். இளம் வயதில் நெற்றிக்கோட்டை மட்டும் கீழே இறக்கி நட்டால், பின்னால் இருக்கும் சொந்த முடி போனதும் முன்னால் ஒரு பட்டை மட்டும் தனியாக நிற்கும். இது அறுவை சிகிச்சை என்பதையும் மறக்க வேண்டாம். 2016-ல் சென்னையில் ஓர் அழகு நிலையத்தில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவசரத்துக்கு ஆக்ஸிஜனும் மருந்தும் இருக்கின்றனவா, நடுபவர் தோல் மருத்துவரா அல்லது பிளாஸ்டிக் அறுவை மருத்துவரா என்று கேட்காமல் நாற்காலியில் உட்காராதீர்கள்.

உடம்பு முடிக்கு லேசர்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

லேசரின் ஒளியை முடியில் உள்ள கருநிறமி உறிஞ்சிச் சூடாகிறது, அந்தச் சூடு வேரைச் சுடுகிறது. நிறமியைக் குறிவைத்து, சுற்றியுள்ள தோலைக் காப்பாற்றலாம் என்ற கொள்கையை அமெரிக்க மருத்துவர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983-ல் வெளியிட்டார்கள். தோலிலும் அதே நிறமி இருப்பதுதான் சிக்கல். மாநிறம், கருநிறம் கொண்ட நம் தோலில் தவறான கருவி முடியைவிடத் தோலைச் சுடும்.

அலைநீளம் கூடக்கூடத் தோலின் நிறமி உறிஞ்சுவது குறையும், ஒளி ஆழமாகப் போகும். அலெக்சாண்ட்ரைட் 755 நானோமீட்டர், டயோடு 800 முதல் 810, என்.டி. யாக் 1064. கருத்த தோலுக்கு மிகப் பாதுகாப்பானது என்.டி. யாக். மாநிறத்துக்கு டயோடும் நன்றாகவே வேலை செய்யும். ஐ.பி.எல். என்பது லேசரே அல்ல, பல அலைநீளம் கலந்த வெளிச்சம். நம் நிறத்துக்கு அதில் தீக்காய ஆபத்து அதிகம். வீட்டில் பயன்படுத்தும் கருவிகளில் பெரும்பாலானவை ஐ.பி.எல். வகைதான். அவற்றின் கையேட்டிலேயே கருத்த நிறங்களுக்கு வேண்டாம் என்று போட்டிருக்கும்.

‘நிரந்தரமாக முடி போய்விடும்’ என்று விளம்பரம் சொல்லும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த சொல் ‘நிரந்தரக் குறைப்பு’ மட்டுமே. வெள்ளை முடிக்கு லேசர் உதவாது. சாயம் பூசிய நரைத்த தாடியும் அப்படித்தான், சாயம் மேலேதான் இருக்கிறது, வேரில் நிறமி இல்லை.

ஆண்களுக்கு லேசரால் உண்மையான நன்மை கிடைக்கும் இடம் கழுத்தும் தாடைக் கீழும். சுருள் தாடி ஷேவ் செய்தபின் வளைந்து தோலுக்குள்ளேயே குத்தி, சீழ்க்கட்டியும் கருந்தழும்புமாக நிற்பவர்களுக்கு ஐந்தாறு சிட்டிங்கில் பெரிய நிம்மதி. இவர்கள் தாடியைக் கையிருப்பு என்று காத்துக்கொண்டு துன்பப்பட வேண்டியதில்லை. சீழும் தழும்பும்தான் முதலில் தீர வேண்டியவை. மேல்முதுகு, தோள், காது மடல் ஆகியவற்றையும் எடுக்கலாம். மூக்குத் துளைக்குள் வேண்டாம், கத்தரியே போதும். கன்னத் தாடியை ‘ஷேப்’ செய்ய லேசர் போடுவதை நாங்கள் தள்ளிப்போடச் சொல்வோம். தாடி மோஸ்தர் இரண்டு வருடத்தில் மாறும், வேர் திரும்ப வராது. நெற்றி ஏறத் தொடங்கிய, நார்வுட் நிலை தெரியாத இளைஞர் மார்பையும் கழுத்தையும் விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

புருவத்துக்குக் கீழே, கண்குழி எலும்புக்கு உட்புறம் யாருக்கும் எக்காரணத்துக்கும் போடக் கூடாது. கண்ணுக்குள் நிரந்தரச் சேதம் வந்திருக்கிறது.

இன்னொரு விஷயம்: தலைமுடிக்காகக் குறைந்த அளவு மினாக்ஸிடிலை மாத்திரையாகச் சாப்பிடுபவர்களுக்கு உடம்பெல்லாம் முடி கூடும். மாத்திரையையும் விழுங்கிக்கொண்டு முதுகுக்கு லேசரும் போட்டால் இடது கை கொடுப்பதை வலது கை பிடுங்குகிறது. லேசர் மருத்துவரிடம் மாத்திரையைச் சொல்லுங்கள்.

சிட்டிங்குக்கு முன்

4 வாரத்துக்கு முன்பே வாக்ஸிங், திரெட்டிங், பிடுங்குதல், எபிலேட்டர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வேரோடு பிடுங்கிய இடத்தில் லேசர் சுட எதுவும் இருக்காது. ஷேவ் செய்யலாம். 2 முதல் 4 வாரம் அந்த இடத்தில் வெயில் படாமல் பாருங்கள். கிரிக்கெட் ஆடிக் கருத்த கழுத்தோடு போனால் நல்ல மருத்துவர் திருப்பி அனுப்புவார். அனுப்பாத இடத்தில் நீங்களே திரும்பி விடுங்கள்.

முந்தின நாள் மாலை அல்லது அன்று காலை, அந்த இடத்தை ஒட்ட ஷேவ் செய்யுங்கள். மேலே முடி நீட்டிக்கொண்டிருந்தால் லேசர் அதை எரித்துத் தோலில் கோடு போடும். சென்ட், டியோடரன்ட், பவுடர், க்ரீம் எதுவும் வேண்டாம். டாக்ஸிசைக்ளின் போல வெளிச்சத்துக்குத் தோலைக் கூச வைக்கும் மருந்து, பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், அக்கி அல்லது உதட்டுப் புண் அடிக்கடி வருவது, தடித்த தழும்பு விழும் உடல்வாகு, வெண்புள்ளி, சொரியாசிஸ் எல்லாவற்றையும் முன்னதாகச் சொல்ல வேண்டும். பச்சை குத்திய இடத்தின் மேல் போடவே கூடாது. மையே வெடிப்புபோல் சூடாகும். மச்சத்தை மூடிவிட வேண்டும்.

மரத்துப்போகும் க்ரீமை வீட்டிலேயே முதுகு முழுக்கப் பூசி பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். பரந்த இடத்தில் சுற்றிக் கட்டிய லிடோகெய்ன் ரத்தத்தில் ஏறி, வலிப்பும் இதயத் தாளக் கோளாறும் வந்து அமெரிக்காவில் இளம்பெண்கள் இறந்திருக்கிறார்கள். தேவையா, எவ்வளவு என்று மருத்துவர் சொல்லட்டும்.

நாற்காலியில்

முதல் சிட்டிங்குக்கு முன் காதுக்குப் பின்னாலோ, எடுக்க வேண்டிய இடத்தின் ஓரத்திலோ ஓரிரண்டு ஷாட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் நிறத்தில் தீக்காயம் உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்தும் தலைகாட்டும். எனவே குறைந்தது 48 மணி நேரம் பார்த்த பிறகே முழு இடம்.

கண்ணைக் காக்கும் கண்ணாடி அந்த லேசரின் அலைநீளத்துக்கு உரியதா என்று பாருங்கள். அறையில் இருக்கும் எல்லோருக்கும் வேண்டும். ஷாட் விழும்போது ரப்பர் பேண்ட் சுண்டிய சுரீர் தெரியும், கருகிய முடி வாடை வரும். சில நிமிடத்தில் ஒவ்வொரு முடிவேரையும் சுற்றி ஒரு சின்னச் சிவப்பு வீக்கம், கொசுக்கடி அளவில் எழும். சரியாக விழுந்ததற்கு அதுதான் சாட்சி. தோல் சாம்பல் பூத்தாலோ, வெளுத்தாலோ, கொப்புளம் எழுந்தாலோ, சுரீர் நிற்காமல் எரிச்சலாகத் தொடர்ந்தாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ‘வலித்தால்தான் பலன்’ என்று சொல்லும் இடத்தில் இருக்கத் தேவையில்லை. குளிரூட்டும் முனையோ குளிர்காற்றோ வேலை செய்யாமல் போனாலும் அப்படித்தான்.

ஒவ்வொரு முறையும் கருவியின் பெயர், அலைநீளம், ஸ்பாட் அளவு (ஒளி விழும் வட்டத்தின் அகலம்), ஆற்றல், துடிப்பின் நீளம் (ஒரு ஷாட் நீடிக்கும் நேரம்) ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கருத்த தோலுக்குத் துடிப்பு நீளமாக, பொதுவாக 20, 30 மில்லிசெகண்டுக்குக் குறையாமல் வைப்பார்கள். சூடு தோலிலிருந்து வெளியேற நேரம் கிடைக்கும். ஊர் மாறினாலோ ஆள் மாறினாலோ அந்தச் சீட்டு இல்லாமல் புது ஆள் முதலிலிருந்து குருட்டாம்போக்கில் தொடங்க வேண்டியிருக்கும்.

பிறகு

அன்று ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். இரண்டு நாள் வெந்நீர்க் குளியல், ஜிம், நீச்சல் வேண்டாம். வெளியே தெரியும் இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் சன்ஸ்க்ரீன். பத்துப் பதினைந்து நாளில் முடி முளைப்பதுபோல் கருப்புப் புள்ளிகள் மேலே வரும். அவை செத்த முடி, குளிக்கும்போது தானாக உதிரும். பிடுங்காதீர்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல், மஞ்சள், டூத் பேஸ்ட், எலுமிச்சை எதையும் பூசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சதுரம் சதுரமாகவோ வட்டம் வட்டமாகவோ கருந்தடம் விழுந்தால் அது ஆற்றல் மிகுந்ததன் அடையாளம், பெரும்பாலும் மாதங்களில் மங்கும். அது மங்கும்வரை அடுத்த சிட்டிங் கூடாது.

முகம், கழுத்துக்கு 4 முதல் 6 வாரம், உடம்புக்கு 6 முதல் 8 வாரம் இடைவெளி. மொத்தம் 6 முதல் 8 சிட்டிங், ஆண்களின் தாடிக்கும் முதுகுக்கும் கூடுதலாகவும் ஆகும். இடைவெளியை நெருக்கிப் போடுவதில் லாபமில்லை, ஓய்வில் இருக்கும் வேர்கள் விழித்தால்தானே சுட முடியும். முழுப் பேக்கேஜுக்கும் முன்பணம் கட்டாமல், இரண்டு மூன்று சிட்டிங் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

மூன்று சிட்டிங் முடிந்தும் முடி குறையாமல், சுற்றியுள்ள பூனைமுடி கருத்துத் தடிக்கத் தொடங்கினால் கவனியுங்கள். லேசரின் குறைந்த சூடு சில நேரம் தூங்கும் வேரை எழுப்பிவிடும். மாநிறம், கருநிறத் தோலில், கன்னம், தாடை, கழுத்து, தோள், மேல்முதுகு ஆகிய இடங்களில் இது கூடுதலாக நடக்கிறது. 1967-ல் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் குறைந்த சக்தி லேசரால் எலிகளுக்கு முடி வளர்வதைக் கண்டார். வழுக்கைக்கு விற்கும் லேசர் சீப்பும் தொப்பியும் அந்த வழியில் வந்தவைதான். அப்படித் தடித்தால் நிறுத்திவிட்டு, வேறு அலைநீளத்துக்கோ சரியான ஆற்றலுக்கோ மாறலாமா என்று கேளுங்கள். தடித்த முடி போய் மெலிந்த முடி மட்டும் மிஞ்சிய இடத்தில் மேலும் சிட்டிங் போட்டுத் துரத்தவும் வேண்டாம். மெலிந்த முடியில் நிறமி குறைவு, வேர் சாகுமளவு சூடாகாது, எழுப்பிவிடத்தான் வாய்ப்பு. அதற்கு டிரிம்மர் போதும். திரும்பத் தடித்து வரும் சிலவற்றுக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு சிட்டிங் போட்டுக்கொள்ளலாம்.